2009 மாடல் காருக்கு டெஃப்லானா, செராமிக்கா, முழு பெயின்டா?

கேள்வி: என்னுடைய சிவப்பு ஸ்விஃப்ட் 2009 மாடல். திருவான்மியூரில் அபார்ட்மென்ட் வாசலில், பக்கத்து வீட்டு மாமரத்தடியில் நிற்கிறது. பானெட் மங்கிவிட்டது. கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டுகள், ஓரம் உரிகிறது. ஒருவர் டெஃப்லான் போடச் சொல்கிறார், இன்னொருவர் செராமிக் கோட்டிங் என்கிறார், டிங்கரிங் பட்டறையில் முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். இன்னும் சில வருடம் இதே காரை ஓட்ட ஆசை. எதைச் செய்யலாம்?

பதில்: மூன்றுமே வேண்டாம். கூரைக்கு மட்டும் பெயின்ட் அடியுங்கள், மற்ற இடங்களுக்கு லேசான பாலிஷும் மெழுகும் போதும். மிச்சமாகும் பணத்தைத் துருவைப் பார்க்கச் செலவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கம்பெனி பெயின்ட் என்பது அடியில் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து ஒரு ஏ4 தாளின் கனம்தான், ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் இருக்கும். பளபளப்பும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேலையும் அந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. கூரையும் பானெட்டும் வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் முதலில் அடிபடுபவை அவைதான். சிவப்பு நிறமிகள் பல வெயிலுக்குச் சீக்கிரம் வெளுப்பவை, அதனால் சிவப்பு வண்டியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

உங்கள் பானெட்டுக்கும் கூரைக்கும் வந்திருப்பது ஒரே நோய் இல்லை. திட்டின் விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். ஓரம் தட்டுப்பட்டால் அங்கே கிளியர் கோட் போய்விட்டது. போன அடுக்கை எந்த பாலிஷும் திரும்பக் கொண்டுவராது. இரண்டு வாரம் எண்ணெய் பூசியதுபோல் மின்னும், அவ்வளவுதான். பானெட் வழவழப்பாக இருந்து வெறுமனே மங்கியிருந்தால், கிளியர் கோட்டின் மேற்பரப்பு மட்டும்தான் கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதை மீட்க முடியும். (பழைய மாருதி 800 போன்ற வண்டிகள் சிலவற்றில் கிளியர் கோட்டே இருக்காது. அவற்றில் பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.)

முதலில் பாலிஷ். 'ரப்பிங்' என்று பட்டறையில் சொல்வது பெயின்டைச் சிறிது தேய்த்து எடுக்கும் வேலை. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் கிளியர் கோட் போகும், திரும்ப வராது. அதனால்தான் வருடா வருடம் சர்வீஸோடு சேர்த்து ரப்பிங் பாலிஷ் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். நீங்கள் கேட்க வேண்டியது மென்மையான பாலிஷும் ஃபோம் பேடும். பெயின்டை வேகமாகத் தேய்த்தெடுக்கும் கரகரப்பான பசையான கட்டிங் காம்பவுண்டை எடுத்தவுடனே போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு சிறு இடத்தில் செய்து பார்த்து, போதுமென்றால் அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் இன்னும் மெல்லியது, அங்கே மெஷின் நிற்கக் கூடாது.

டெஃப்லான் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். தோசைக்கல்லில் டெஃப்லான் பிடிப்பது 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பதிக்கப்படுவதால். அந்தச் சூட்டைக் காரின் பெயின்ட் தாங்காது. கடையில் கையால் தேய்ப்பது பாலிஷும் மெழுகும் கலந்த பசை, அதன் ஆயுளும் மெழுகின் ஆயுள்தான். செராமிக் கோட்டிங் அப்படியில்லை, பெயின்டின்மேல் கெட்டியாகப் பிடிக்கும் கண்ணாடி போன்ற பூச்சு அது, நல்ல பொருள். ஆனால் உரிகிற கிளியர் கோட்டை அது ஒட்டவைக்காது. கீறல்களை எடுக்காமல் பூசினால் அவற்றையும் சேர்த்துப் பூட்டிவிடும், கீறல்களை எடுக்கப் போனால் அந்தத் தேய்ப்பு மிஞ்சியிருக்கும் கிளியர் கோட்டையும் தின்றுவிடும். நல்ல பெயின்ட் உள்ள புது வண்டிக்குத்தான் அந்தச் செலவு தகும்.

அப்புறம் கூரை. மற்ற பகுதிகளுக்கு பாலிஷ் முடிந்த பிறகே கூரைக்கு நிறம் கலக்க வேண்டும். மங்கிய சிவப்பைப் பார்த்துக் கலந்தால், பாலிஷ் போட்ட பிறகு கூரை தனியாகத் தெரியும். பொதுவாக எஞ்சின் பகுதியில் உள்ள தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். அதை வைத்துத் தொடங்கி, கதவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். உரிந்த கிளியர் கோட் முழுவதையும் தேய்த்து எடுத்தாக வேண்டும், திட்டின்மேலேயே அடித்தால் ஒரு வருடத்தில் அதே இடம் மறுபடி உரியும். பீடிங்கையும் (ஓரத்து ரப்பர் பட்டை) ஏரியலையும் கழற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். டேப் ஒட்டி அடித்தால் அந்த ஓரத்தில்தான் உரிதல் தொடங்கும். கடைசி அடுக்கு, ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் கோட்டாக இருக்கட்டும். அதன் புகை நுரையீரலுக்கு மிகவும் கெடுதல், வீட்டு வாசலில் அடிக்கிற வேலையே இல்லை. அடித்து ஒரு மாதமாவது மெழுகும் கவரும் போடாதீர்கள்.

முழு பெயின்டைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், தொழிற்சாலைச் சூளையில் பதப்பட்ட பூச்சுக்கு நிகரான ஒட்டுதல் சாதாரணப் பட்டறையில் கிடைப்பது அரிது. நன்றாக இருக்கும் கதவுகளை எதற்காகத் தேய்க்க வேண்டும்? அப்படியே முழுதாக அடித்து நிறத்தையும் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும், ஆர்.டி.ஓ. அலைச்சல் வேறு.

இத்தனை செய்தும் பளபளப்பை ஆறே மாதத்தில் கெடுக்கக்கூடியது தினசரித் துடைப்புதான். அபார்ட்மென்ட்டில் காலையில் ஒருவர் வந்து, ஒரே பக்கெட் தண்ணீரில், ஒரே துணியால் பத்து வண்டியைத் துடைத்துவிட்டுப் போவார். அந்தத் துணியில் இருக்கும் மணல்தான் வெயிலில் சிலந்திவலைபோல் தெரியும் வட்டக் கீறல்களைப் போடுகிறது. அவர்மேல் குற்றமில்லை, அவருக்குக் கிடைக்கும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான். தினமும் வேண்டாம், கண்ணாடியை மட்டும் துடையுங்கள் என்று சொல்லிவிட்டு, அதே சம்பளத்தைக் கொடுத்து வாரம் ஒருமுறை ஒழுங்காகக் கழுவச் சொல்லுங்கள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். பிறகு கார் ஷாம்பூ ஒரு பக்கெட்டில், துணியை அலச இன்னொன்றில். சோப்புத் தூள் மெழுகை எடுத்துவிடும். நிழலில், பானெட் ஆறிய பிறகுதான் கழுவ வேண்டும். போர் தண்ணீர் என்றால் தானாகக் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் உப்புப் புள்ளிகள் படியும். படிந்த புதுப் புள்ளிக்கு, சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்து ஒற்றி, உடனே கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

மாமர நிழல் வெயிலுக்கு நல்லது, ஆனால் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிகள் பிசுபிசுப்பான துளிகளைக் கொட்டும். தை, மாசியில் மட்டும் வேறு இடம் பார்க்க முடிந்தால் பாருங்கள். பறவை எச்சத்தைச் சுரண்டவே கூடாது. ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசினால் இவை எதுவும் ஆழமாகப் பிடிக்காது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால் மெழுகு தீர்ந்துவிட்டது.

கடைசியாகத் துரு. திருவான்மியூர் போன்ற கடற்கரை ஓரத்தில் வண்டியின் ஆயுளை முடிப்பது மங்கல் இல்லை, உப்புக் காற்று. ஈரமான வண்டிமேல் கவர் போட்டு மூடாதீர்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு ஓட்டைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் குச்சியால் திறந்துவிடுங்கள். டிக்கி பாயைத் தூக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள். சக்கர வளைவின் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம், மேலே டச்-அப் அடித்து மறைத்தால் பயனில்லை, தகடு தெரியும்வரை சுத்தம் செய்து பிரைமர் அடிக்க வேண்டும். கூரையைப் பட்டறைக்குக் கொண்டுபோகும்போதே வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த வேலை முடிந்துவிட வேண்டும்.