டிராஃப்டில் அஃபென்ஸா, டிஃபென்ஸா? கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்க ஃபுட்பால் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். என்எஃப்எல் லீக்கின் டிராஃப்டில், அதாவது கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும்போது, ஒரு அணி முதலில் எந்தப் பக்கத்துக்கு ஆள் எடுக்க வேண்டும்? தாக்கும் அஃபென்ஸுக்கா, தடுக்கும் டிஃபென்ஸுக்கா?

பதில்: நல்ல குவாட்டர்பேக் (பந்தை எறிந்து அஃபென்ஸை நடத்துபவர்) இல்லையென்றால் குவாட்டர்பேக்தான். இருக்கிறார் என்றால், பக்கத்தைப் பார்க்காதீர்கள், விலையைப் பாருங்கள். 2011 தொழிலாளர் ஒப்பந்தத்திலிருந்து, புதிதாக வரும் பையனின் சம்பளம் அவன் எத்தனையாவதாக எடுக்கப்பட்டான் என்பதைப் பொறுத்தது. எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதைப் பொறுத்தது அல்ல. நான்கு வருட ஒப்பந்தம்; முதல் ரவுண்டு ஆளை ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. அதனால் வெளியில் வாங்கப் போனால் பெரும்பணம் கேட்கும் எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக் மேல் பாய்பவர்), லெஃப்ட் டேக்கிள் (குவாட்டர்பேக்கைக் காக்கும் லைனின் இடது ஓர ஆள்), ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), கார்னர்பேக் (ரிசீவரை மறிப்பவர்) இவர்களை டிராஃப்டில் பிடிக்க வேண்டும். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் வெளியிலேயே கிடைப்பார். ஜயன்ட்ஸ் 2018-ல் இரண்டாவது தேர்வையே சேக்வான் பார்க்லிக்குக் கொடுத்தது. 2024-ல் ஈகிள்ஸ் அவரைச் சம்பளம் பேசிக் கூட்டிப்போனது. அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார், இறுதிப்போட்டியான சூப்பர் பவுலும் ஈகிள்ஸுக்கு.

ஒன்று மட்டும்: டிராஃப்டுக்கு மறுநாளே அணிகளுக்கு மார்க் போடாதீர்கள். மூன்று வருடம் பொறுங்கள்.

கேள்வி: டிஃபென்ஸ்தான் கோப்பை வாங்கித் தரும் என்கிறார்களே?

பதில்: தரும். 2000-ல் ரேவன்ஸ் 16 ஆட்டங்களில் 165 புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்து, கோப்பையும் வாங்கியது. 2013 சீசனில் 606 புள்ளிகள் குவித்த டென்வரை சூப்பர் பவுலில் சியாட்டல் 43-8 என்று நொறுக்கியது. ஆனால் அந்த சியாட்டலில் ஏர்ல் தாமஸ் முதல் ரவுண்டு. ரிச்சர்ட் ஷெர்மனும் கேம் சான்ஸலரும் ஐந்தாவது ரவுண்டு. நல்ல டிஃபென்ஸ் வேண்டும் என்பதற்காக முதல் தேர்வை அங்கேதான் கொட்ட வேண்டும் என்றில்லை.

கேள்வி: அப்படியானால் டிஃபென்ஸ் முக்கியமில்லையா?

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: 2021-ல் பெங்கால்ஸ் செய்தது தப்பு சார். அவர்களுடைய குவாட்டர்பேக் ஜோ பரோவின் முழங்கால் போய்விட்டது. குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன் பெனே சூவல் கிடைக்கும்போது ரிசீவர் ஜமார் சேஸ் எதற்கு?

பதில்: தப்பே இல்லை. முதல் வருடமே சேஸ் 1,455 யார்டு எடுத்தார், அணி சூப்பர் பவுல் வரை போனது.

கேள்வி: போய், பரோ ஏழு சாக் (பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்படுவது) வாங்கி 23-20 என்று தோற்றார்களே! சூவல் இருந்திருந்தால்?

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் அன்று கடைசிப் பந்தில் பரோவைப் பிடித்துச் சுழற்றிய எதிரணியின் ஆரன் டானல்ட் லைனின் நடுவழியாக வந்தார். சூவல் ஓரத்தில் நிற்கும் டேக்கிள். அதே எதிரணியின் வான் மில்லர் ஓரத்திலிருந்து வந்து எடுத்த சாக்குகளுக்கு உங்கள் வாதம் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் பெங்கால்ஸ் சறுக்கியது இரண்டாவது ரவுண்டில். அங்கே எடுத்த லைன்மேன் ஜாக்சன் கார்மன் நிலைக்கவில்லை. இதையும் மறுநாள் யாராலும் சொல்லியிருக்க முடியாது, அதனால்தான் மார்க் போடாதீர்கள் என்கிறேன்.

கேள்வி: இருந்தாலும் சூவல்தான் சார்.

பதில்: தன்னை எடுத்த டெட்ராய்ட்டுக்கு அவர் செய்ததைப் பார்த்தபின் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் சேஸ் பக்கம்.

கேள்வி: என் ஃபேன்டசி அணிக்கு முதலில் யார்?

பதில்: அது வேறு கணக்கு, அதற்கென்று இருப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: கிக்கரை முன்கூட்டியே எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 2016-ல் டாம்பா பே இரண்டாவது ரவுண்டில் ரோபர்ட்டோ அகுவாயோவை எடுத்தது. அடுத்த சீசன் தொடங்கும் முன்பே விடுவித்துவிட்டது.