இஸ்லாம் மேற்கத்திய சட்டத்தோடும் சமூகத்தோடும் ஒத்துப்போகுமா?

கேள்வியில் 'இஸ்லாம்' என்று ஒரு பெரிய சொல், 'மேற்கு' என்று இன்னொன்று. இரண்டையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க ஆள் நிறைய உண்டு. நான் இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரன். பதினேழு வருடமாகக் கிழக்கு லண்டனில் குடும்பத்தோடு இருக்கிறேன். எனக்குத் தெரிந்த இங்கிலாந்தை வைத்தே சொல்கிறேன், அதிலும் முக்கியமாகக் கல்யாண விஷயத்தை.

எங்கள் ஊரில் நிக்காஹ், அதாவது முஸ்லிம் மணச்சடங்கு, என்றால் அதுதான் கல்யாணம். ஆலிம்சா (மார்க்க அறிஞர்) குத்பா என்னும் மண உரை ஓதுவார், மஹர், அதாவது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய தொகை, எவ்வளவு என்று சபையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்வார்கள், ஜமாஅத் தப்தரில் (ஊர்ப் பள்ளிவாசல் பதிவேட்டில்) கையெழுத்து விழும். அவ்வளவுதான். இந்தியச் சட்டம் அதை ஏற்கிறது. 1937 ஷரீஅத் சட்டம் வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்ததுதான். அந்த நிக்காஹோடு லண்டனுக்கு வந்தால், கல்யாணம் நடந்த ஊர்ச் சட்டப்படி அது செல்லுமா என்று இங்கே பார்ப்பார்கள். அங்கே செல்லும் என்றால் இங்கேயும் செல்லும். இந்தியாவில் நடந்த ஒரு நிக்காஹின் மஹர் பாக்கியை ஒப்பந்தக் கடனாக மனைவி கேட்டு வாங்கலாம் என்று 1960-களிலேயே ஆங்கிலேய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, அதே குத்பா, அதே மஹர், அதே பிரியாணி, லண்டனின் ஈஸ்ட்ஹாமில் ஒரு ஹாலில் நடந்தால்? சட்டத்தைப் பொறுத்தவரை அங்கே நாலு பேர் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். 1949 திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், இடம் கல்யாணத்துக்கென்று பதிவானதாக இருக்க வேண்டும். (யூதர்களுக்கும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் இந்த இட விதி கிடையாது, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தனி ஏற்பாடு வாங்கிவிட்டார்கள்.) 1998-ல் சவுத்தாலில் ஒரு உணவகத்தில் நிக்காஹ் செய்துகொண்டு, நாலு பிள்ளை பெற்று வாழ்ந்த தம்பதி வழக்கு ஒன்று உண்டு. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் 'செல்லாத திருமணம்' என்றுகூடச் சொல்லவில்லை. சட்டம் திருமணமென்று எடுத்துக்கொள்ளும் சடங்கே அங்கு நடக்கவில்லை என்றது. செல்லாத திருமணம் என்றாலாவது ஜீவனாம்சம், சொத்துப் பங்கு கேட்க வழி இருந்திருக்கும்.

இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் புருஷன் விட்டுவிட்டுப் போனான். வக்கீலிடம் துணைக்கு என் மனைவி போனாள். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த நிக்காஹ் பேப்பரை அந்தப் பெண் மேசையில் எடுத்து வைத்தாள். வக்கீல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெஜிஸ்ட்ரேஷன்?" என்றார். அது இல்லை. வீடு அவன் பேரில். பிள்ளைகளுக்கான பணத்தைக் கேட்கலாம், மனைவி என்ற முறையில் கேட்க எதுவும் இல்லை. ஆனால் மார்க்கப்படி அவள் அவன் மனைவிதானே? குலா, அதாவது மனைவி கேட்டு வாங்கும் மார்க்க விவாகரத்து, வாங்க ஷரீஅத் கவுன்சில் என்னும் மார்க்க அறிஞர்கள் சபைக்கு எட்டு மாதம் அலைந்தாள். சட்டத்தின் கண்ணில் கல்யாணமே ஆகாதவள், விவாகரத்துக்கு அலைந்த கதை இது.

இந்த ஷரீஅத் கவுன்சில்களைப் பற்றி இங்கே பத்திரிகைகள் எழுதுவதைப் படித்தால் ஏதோ இணை அரசாங்கம் நடப்பது போலத் தெரியும். 2018-ல் அரசு நியமித்த ஆய்வுக்குழு பார்த்தபோது, அங்கே போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் விவாகரத்துக் கேட்கும் பெண்கள். கவுன்சில்களின் முடிவுக்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது. நிக்காஹுக்கு முன்போ கூடவோ சட்டப் பதிவும் நடந்தாக வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. எனக்கு அது நூற்றுக்கு நூறு சரி. பதிவு வேண்டாம் என்று சொல்கிற ஆண்களை எனக்குத் தெரியும். ஈமான் அதிகமாகி அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. பதிவு செய்த மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைப் பதிவு செய்தால் ஜெயில். பதிவில்லாத இரண்டாம் நிக்காஹ் சட்டத்துக்குக் கல்யாணமே இல்லையே, யார் பிடிப்பது?

பண விஷயத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. வட்டியில்லாமல் வீடு வாங்க, வங்கியே முதலில் வீட்டை வாங்கி நமக்கு விற்கும் முறை உண்டு. ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை முத்திரைத் தீர்வை விழுந்துகொண்டிருந்தது. 2003 நிதிச் சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நாங்கள் எடுத்தது கூட்டாக வாங்கும் முறை: வங்கியின் பங்குக்கு மாத வாடகை, கூடவே பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வது. வாடகைதான், ஆனால் பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை ஏற்றினால் இதுவும் ஏறுகிறது. ஊரில் மச்சான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ஒத்தே போகாத இடங்களும் இருக்கின்றன, மழுப்ப விரும்பவில்லை. மார்க்கத்தை விட்டுப் போகிறவனுக்குப் பழைய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) நூல்கள் சொல்லும் தண்டனைக்கும், நம்பிக்கையை மாற்றிக்கொள்ளும் உரிமைக்கும் நடுவில் பாலம் போட முடியாது. மூன்று தலாக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி இங்கே சட்டப்படி மணமுறிவு வாங்கவும் முடியாது. இந்த இரண்டிலும் நாட்டுச் சட்டம் ஜெயிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அப்புறம், 'மேற்கு' என்பதும் ஒன்றில்லை. ரயிலில் இரண்டரை மணி நேரம் போனால் பாரிஸ். 2004-லிருந்து அங்கே அரசுப் பள்ளியில் பெண் பிள்ளை தலையை மூடிக்கொண்டு உட்கார முடியாது. என் மகள் இங்கே பள்ளிச் சீருடையோடு சேர்த்தே அதே நிறத்தில் ஸ்கார்ஃப் வாங்கினாள். உயிலிலும் அப்படித்தான். மார்க்கம் சொல்லும் பங்கின்படி இங்கே எழுதி வைக்கலாம், பிரான்ஸ் சட்டம் பிள்ளைகளுக்குச் சமமாக ஒதுக்கிய பகுதியைத் தொட விடாது. எது மேற்கத்திய சட்டம்?

போன வருடம் தங்கை மகளுக்கு நிக்காஹ், பதிவான பள்ளிவாசலில். 2021-லிருந்து சட்டப் பதிவுக்காகக் கையெழுத்துப் போடும் தாளில் தாயின் பெயருக்கும் இடம் உண்டு, முன்பெல்லாம் தகப்பன் பெயர் மட்டும்தான். நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத் குத்பாவைத் தொடங்கவில்லை. "முதலில் அந்தத் தாளைக் கொண்டு வாங்க" என்றார். தாள் என் கார் டேஷ்போர்டில் கிடந்தது. ஓடினேன்.