டெங்கு வார்டில் பிள்ளையோடு இருக்கும் பெற்றோருக்கு: கேள்வி பதில்

பதில் சொல்பவர், குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற கும்பகோணத்து அக்கா.

மன்னார்குடி: அக்கா, பையனுக்கு நாலு வயசு. நேத்து ராத்திரி காய்ச்சல் விட்டுடுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

கூடாதும்மா. டெங்குல காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்து தொடங்குற நேரம். பெரும்பாலும் மூணாம் நாள்லேருந்து ஏழாம் நாளுக்குள்ள வரும். ரத்தக் குழாய்லேருந்து நீர் கசிஞ்சு வயித்துலயும் நெஞ்சுலயும் சேரும். 24லேருந்து 48 மணி நேரம் வரைக்கும் கசியும். அப்ப பிரஷர், ஹீமடோக்ரிட் (ரத்தம் எவ்வளவு கெட்டியாயிருக்குன்னு காட்டுற அளவு) பார்த்துப் பார்த்து டிரிப்ஸைக் கூட்டுவாங்க, குறைப்பாங்க. அதை வீட்டுல செய்ய முடியாது. நீங்க ஒரு நோட்டுல, புள்ள ஒண்ணுக்குப் போற நேரத்தை எழுதிக்கிட்டே வாங்க. வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், கறுப்பா மலம், கை கால் சில்லிப்பு, துவண்டு கிடக்குறது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகாதது, இதுல ஒண்ணு இருந்தாலும் நடுராத்திரின்னு பார்க்காம சிஸ்டரைக் கூப்பிடுங்க. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுந்தான். ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

திருவாரூர்: பிளேட்லெட் 42 ஆயிரம். ஏத்தணுமா?

பிளேட்லெட்ங்கிறது ரத்தம் உறைய உதவுற அணு. எண்ணிக்கை குறைஞ்சதுக்காக மட்டும் ஏத்த மாட்டாங்க. ரத்தக் கசிவு இருக்கான்னு பார்ப்பாங்க.

பாபநாசம்: எங்க பாப்பாவுக்கு 60 ஆயிரம்...

மேல சொன்னதேதான். பாப்பா முகத்தைப் பாருங்க.

வலங்கைமான்: பப்பாளி இலைச் சாறு?

வார்டுல வேண்டாம். இளநீர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ் போதும்.

நீடாமங்கலம்: எங்க பொண்ணுக்குக் கொடுத்தோம், மறுநாளே ஏறுச்சே!

கசிவு நின்னதும் தானா ஏறும் தம்பி. நீங்க கொடுத்ததும் அந்த நேரமும் ஒண்ணா விழுந்திருக்கு.

நீடாமங்கலம்: அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுத்ததே?

கொடுத்தாங்க, மறுக்கல. என் பயம் வேற. கசப்பைப் புகட்டினா புள்ள வாந்தி எடுக்கும். அந்த வாந்தி சாறால வந்ததா, நோய் முத்தி வந்ததான்னு டாக்டரால சொல்ல முடியாது. மாதுளை, பீட்ரூட் ஜூஸும் அதனாலதான் வேண்டாம்ங்கிறேன். சிவப்பா வாந்தி எடுத்தா ரத்தமோன்னு வார்டே பதறும்.

வலங்கைமான்: கொஞ்சூண்டு கொடுத்தா?

வேண்டாம்னு சொல்லிட்டேன்மா.

மயிலாடுதுறை: வயல்ல நிக்கிற தண்ணியாலதான் வந்துச்சா?

இல்ல. ஏடிஸ் கொசு வளர்றது வீட்டைச் சுத்தி, மூடாத தொட்டி, டயர், கொட்டாங்குச்சியில.

பட்டுக்கோட்டை: காப்பீட்டு அட்டை செல்லுமா?

ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுன்ட்டர்ல கேளுங்க.

திருவையாறு: உடம்பெல்லாம் சிவந்து நடுவுல வெள்ளைத் திட்டு. ஒரே அரிப்பு. டிரிப்ஸையும் கழட்டிட்டாங்க, பயமா இருக்கு.

தேறி வருதும்மா! கசிஞ்ச நீர் ரத்தத்துக்குத் திரும்புது. இப்பவும் டிரிப்ஸ் ஏத்தினா நீர் கூடிப்போயி மூச்சுத் திணறும், அதான் கழட்டினாங்க. மூச்சு வாங்குனா மட்டும் உடனே சொல்லுங்க. இனிமே ஒண்ணுக்கு நிறையப் போகும், பசின்னு கேட்கும். நகத்தை வெட்டி விடுங்க.

தஞ்சாவூர்: பிளேட்லெட் எத்தனை இருந்தா வீட்டுக்கு அனுப்புவாங்க?

மருந்தில்லாம ரெண்டு நாள் காய்ச்சல் வரக் கூடாது. டிரிப்ஸ் இல்லாம ஹீமடோக்ரிட் நிலையா இருக்கணும், புள்ள சாப்பிடணும், பிளேட்லெட் ஏறுமுகமா இருக்கணும். வீட்டுக்கு வந்தப்புறமும் ஐபுபுரூஃபன் கொடுத்துடாதீங்க.