கேப்சூல் இருக்கட்டும், மாத்திரைச் சீட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்ற ஐசோஃப்ளேவோன்கள் சர்க்கரையைக் குறைக்கும் என்று படித்தேன். கேப்சூலாக வாங்கி அனுப்பலாமா? அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது கூடவே இருக்கும் தங்கைக்குத்தான் தெரியும்.

பதில்: தம்பி, வாயில் நுழையாத இரண்டு பெயரைப் பிசகில்லாமல் எழுதத் தெரிந்த உங்களுக்கு, அம்மா தினமும் விழுங்கும் மாத்திரை ஒன்றின் பெயர்கூடத் தெரியவில்லை. ‘தங்கைக்குத்தான் தெரியும்’. இதே வரியை எத்தனை மகன்களின் கடிதத்தில் படித்துவிட்டேன்! வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போவது, நடுராத்திரியில் அம்மாவுக்குக் குப்பென்று வியர்த்தால் எழுந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது எல்லாம் அவள், பார்சல் அனுப்பி நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவது நீங்களா?

சரி, கேட்டதற்கு வருகிறேன். ஜெனிஸ்டீன் கொடுத்த எலிகளில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் தேறியது உண்மைதான். மனிதர்களிடம் அவ்வளவு தெளிவு இல்லை. சில சோதனைகளில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, சிலவற்றில் அசையவே இல்லை. டெய்ட்சீனை ஈக்வால் என்ற பொருளாக மாற்றும் பாக்டீரியா எல்லார் குடலிலும் கிடையாது, ஆள் ஆளுக்குப் பலன் மாறுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். சோயாவைச் சாப்பாடாகச் சேர்ப்பது நல்லது, புரதமும் நார்ச்சத்தும் உண்டு, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. ஆனால் சோயா எண்ணெயில் இந்த ஐசோஃப்ளேவோன் கிட்டத்தட்ட இருக்காது, அதை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கேப்சூல் டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு மாற்றும் இல்லை.

அப்புறம், அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை உண்டா? இருந்தால், சோயா அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும், இரண்டையும் அடுத்தடுத்துச் சாப்பிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கேப்சூலைத் தொடவே கூடாது. இதற்கெல்லாம் பதில் யாரிடம் இருக்கிறது? தங்கையிடம்!

இன்றைக்கே அவளுக்குப் போன் போடுங்கள். சீட்டைப் படம் எடுத்து அனுப்பு என்று இன்னொரு வேலை வைக்காதீர்கள். கடைசி எச்பிஏ1சி எவ்வளவு என்று கேளுங்கள், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அந்தப் பரிசோதனையில்தான் தெரியும். அடுத்து டாக்டரிடம் போகும் தேதியைக் கேட்டு, லீவு போட்டு, நீங்களே அம்மாவைக் கூட்டிப்போய்க் கேப்சூலைப் பற்றி அங்கே கேளுங்கள். அன்றைக்கு அவள் கொஞ்சம் தூங்கட்டும்.