வைத்தியரின் கடதாசிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மறைந்த மனநல வைத்தியர் ஒருவரின் கடதாசிகளை ஒரு காப்பகத்துக்காகத் தரம்பிரித்ததாக எழுதியிருந்தீர்கள். என் பெரியப்பாவும் அதே துறைதான். போன வருடம் காலமானார். பம்பலப்பிட்டி வீட்டை விற்கப் போகிறோம். அலுமாரி நிறையப் பைல்கள், டயரிகள், நோயாளிகள் எழுதிய கடிதங்கள். பெரியம்மா, "எல்லாத்தையும் எரிச்சுவிடு, அது மற்றவையின்ர மானம்" என்கிறார். தம்பியோ ஸ்கேன் பண்ணி இணையத்தில் போடலாம் என்கிறான். பெயர்களை மறைத்துவிட்டால் போதாதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியம்மா சொல்வதில் பாதி சரி. தம்பி சொல்வதில் அந்தப் பாதியும் இல்லை.

கொழும்புத் தமிழர் எவ்வளவு சின்னக் கூட்டம் என்று உங்களுக்குத் தெரியாததா? 'வெள்ளவத்தையில் கடை, மூத்த மகள் கனடா, 83 கலவரத்தில் காங்கேசன்துறைக்குக் கப்பலேறித் திரும்பி வந்தவர்' என்றால் போதும், கலியாண வீட்டுப் பந்தியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கொடை ஆஸ்பத்திரிக்கு இப்போது தேசிய மனநல நிறுவகம் என்று பெயர். நாம் திட்டுவது மட்டும் பழைய பெயரைச் சொல்லித்தான்.

நோயாளியின் இரகசியத்தை அவர் இறந்த பின்னும் காக்க வேண்டும் என்பது உலக மருத்துவர் சங்கத்தின் ஜெனீவாப் பிரகடனத்தில் 1968இல் சேர்ந்தது. வைத்தியரும் போன பிறகு அந்தக் கடன் யார் தலையில்? அலுமாரிச் சாவி வைத்திருப்பவர் தலையில் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நானே அதை ஒழுங்காகச் செய்யவில்லை. இரண்டாம் நாள் கையில் கிடைத்தது, ஒரு பெண் வைத்தியருக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதம். தரம்பிரிக்க முதல் வரியே போதும். கடைசி வரி வரை வாசித்தேன். நன்றாக எழுதியிருந்தாள் என்பதுதான் என் சாட்டு. அதன் பிறகு திகதியைப் பார்த்ததும் மூடிவிடப் பழகினேன்.

அப்படியானால் எரித்துவிடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். நான் பார்த்த தாள்களில் வைத்தியரின் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். ஓரத்தில் மட்டும், நோயாளி சொன்னது சொன்னபடி தமிழில். 'ஒரே யோசினை.' 'நெஞ்சு பத்தி எரியுது.' 'மண்டைக்குள்ள இரைச்சல்.' நடுவில் மனச்சோர்வு என்பதற்கு ஒரே ஆங்கிலச் சொல். ஓரத்தில் ஆளுக்கொரு வருத்தம். இந்தச் சொற்களை மட்டும் அவர் தனியாக ஒரு கொப்பியில் சேர்த்து வைத்திருந்தார், ஆள் அடையாளம் எதுவும் இல்லாமல். தமிழில் நோயாளியோடு பேச வேண்டிய மருத்துவ மாணவருக்கு அந்தக் கொப்பி பொக்கிஷம். இப்படி ஏதும் கிடைத்தால் தம்பி தாராளமாக ஸ்கேன் பண்ணட்டும். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தும் நூலக நிறுவனத்தோடும் பேசலாம்.

நஞ்சு குடித்துப் பிழைத்தவர்களின் தாள்களில் 'தவறுதலாக' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. 1995 அளவில் இலங்கையில் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. தற்கொலை முயற்சியோ 1998 வரை சட்டப்படி குற்றம். பொலிஸுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவரை அந்தச் சொல்லால் வைத்தியர் மறைத்திருக்கிறார் என்பது என் ஊகம். டயரியில் எங்கும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். பைல்களின் அடுக்கைக் கலைக்காதீர்கள். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். கடற்காற்றில் கிளிப் எல்லாம் துருவேறியிருக்கும், இழுத்துப் பிடுங்காமல் மெல்லக் கழற்றுங்கள். பழைய ஃபாக்ஸ் தாள் இருந்தால் உடனே படியெடுங்கள், எழுத்து மங்கிக்கொண்டே போகும். நோயாளர் தாள்களும் கடிதங்களும் தனிப் பெட்டியில். எந்தக் காப்பகமானாலும், அந்தப் பெட்டியை எத்தனை வருடம் திறக்க மாட்டார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள். சம்மதிக்காவிட்டால் பெட்டி உங்களிடமே இருக்கட்டும்.

வீட்டில் ஆள் பார்த்த வைத்தியர் என்றால், கதவைத் திறந்ததும் போனை எடுத்ததும் பெரும்பாலும் பெரியம்மாவாகத்தான் இருக்கும். அலுமாரிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை போடுங்கள். எந்தக் கட்டைப் பிரிக்கக் கூடாது என்று உங்களையும் என்னையும் விட அவருக்குத் தெரியும்.