வார்சா: எந்த நாளில் ஓடியிருக்க வேண்டும்?

கேள்வி: ஹிட்லர் காலத்தில் போலந்துத் தலைநகர் வார்சாவில் மட்டும் நாலு லட்சம் யூதர்கள் இருந்தார்கள். வாய் பேசாமல் வரிசையில் நின்று கொலை முகாமுக்கு ரயில் ஏறியதற்குப் பதில், முதலிலேயே ஓடியோ திருப்பி அடித்தோ இருக்கலாமே? பிழைத்தவர்கள் பிற்பாடு எழுதியதை அப்படியே நம்பவும் முடியுமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலிலேயே என்றால் எந்த நாளில்? 1939 செப்டம்பர் கடைசியில் வார்சா ஜெர்மானியர் கைக்குப் போனது. ஓட முடிந்தவர்கள் அப்போதே கிழக்கே சோவியத் பக்கம் ஓடினார்கள். வயதான பெற்றோரும் கைக்குழந்தையும் உள்ளவர்கள் தங்கிவிட்டார்கள். டிசம்பரிலிருந்து பத்து வயது தாண்டிய யூதர் எல்லாரும் கையில் நீல நட்சத்திரம் போட்ட வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும். ரொக்கம் 2,000 ஸ்லோட்டிக்கு (போலந்துப் பணம்) மேல் வைத்திருக்கக் கூடாது; மிச்சம் வங்கியில் முடக்கம். அடுத்த ஜனவரியில் ரயில் பயணத்துக்கும் தடை வந்தது. வெளிநாடு போகலாம் என்பீர்கள். போலந்தில் பிறந்தவர்களுக்கு அமெரிக்கா ஒதுக்கியிருந்த இடம் வருடத்துக்கு 6,524. போலந்து யூதர்களோ சுமார் 33 லட்சம்.

1940 நவம்பர் 16-ல் கெட்டோவை, அதாவது யூதர்களை ஒதுக்கி வைத்த நகரப் பகுதியை, அடைத்தார்கள். மூன்று மீட்டர் உயரச் சுவர். கட்டிய செலவும், ஜெர்மானியர் உத்தரவுகளை நிறைவேற்ற அவர்களே அமைத்த யூதச் சபையின் தலையில்தான் விழுந்தது. 1941-ல் ரேஷனில் ஓர் ஆளுக்குக் கிடைத்தது நாளைக்கு 200 கலோரிகூட இல்லை. ஏறக்குறைய 50 கிராம் அரிசியில் இருப்பது. அதை மட்டும் நம்பியிருந்தால் சில மாதங்களில் ஊரே செத்திருக்கும். சுவருக்கு அடியில் சாக்கடை நீர் போக விட்ட ஓட்டை வழியே சிறு பிள்ளைகள் நுழைந்து போய் உருளைக்கிழங்கும் ரொட்டியும் கடத்தி வந்ததால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. 1941 அக்டோபரிலிருந்து வெளியே பிடிபட்டால் மரண தண்டனை. இடம் கொடுத்த போலந்துக்காரருக்கும் அதேதான். அப்படியும் தப்பி வெளியே போனவருக்குக் கிறிஸ்தவப் பெயரில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, யூத வாடை இல்லாத போலிஷ் பேச்சு, காட்டிக் கொடுப்பேன் என்று மிரட்டுகிறவனுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கப் பணம், எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் மாட்டிக்கொள்வார்.

நீங்கள் சொல்லும் வரிசைக்கு வருகிறேன். 1942 ஜூலை 22-ல் வந்த உத்தரவில் 'கிழக்கே குடியேற்றம்' என்றுதான் இருந்தது. ஜெர்மன் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் விலக்கு என்றும் இருந்தது. அதனால் அந்த வாரம் கெட்டோவில் எல்லாரும் ஓடியது ஒரு வேலைச் சீட்டுக்கு. தையல் மெஷினை விற்காமல் வைத்திருந்தவர் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போனார். சீட்டு இல்லாதவர்களைக் கவர, தாமாக வந்தால் 3 கிலோ ரொட்டியும் ஒரு கிலோ ஜாமும் தருவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். பட்டினியில் கால் வீங்கிய குடும்பத்துக்கு மூன்று கிலோ ரொட்டி எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். கொல்லப்போகிறவன் ரொட்டி கொடுப்பானா என்ற நினைப்பும் அதில் சேர்ந்தது. சபைத் தலைவர் செர்னியாகுவ் மறுநாளே தற்கொலை செய்துகொண்டார். செப்டம்பரில் சீட்டும் செல்லாக்காசாகி, கெட்டோவில் தங்கலாம் என்று 35,000 பேருக்கு மட்டும் எண் கொடுத்தார்கள்; தனக்கு எண் இருந்து, மனைவிக்கும் பிள்ளைக்கும் இல்லாமல் போனவர்கள் ஏராளம். இரண்டு மாதத்தில் சுமார் 2,65,000 பேர் டிரெப்ளிங்கா என்ற கொலை முகாமுக்குப் போனார்கள். அவர்களை அடிபணிந்தவர்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

திருப்பியும் அடித்தார்கள். டிரெப்ளிங்கா என்றால் என்ன என்று தெரிந்தபின், 1943 ஜனவரி 18-ல், பிடித்துச் செல்லப்பட்ட வரிசைக்குள்ளேயே கலந்து நின்ற இளைஞர்கள் கைத்துப்பாக்கியால் சுட்டார்கள். ஏப்ரல் 19-ல் தொடங்கிய எழுச்சியை அடக்க ஜெர்மன் படை ஒவ்வொரு கட்டடமாகத் தீ வைக்க வேண்டியிருந்தது. மே 16 வரை ஆனது.

பிற்பாடு எழுதியது என்கிறீர்கள். வார்சாவைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அன்றன்றைக்கு எழுதியது. வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் கெட்டோவுக்குள் ரகசியமாக ஒரு குழுவைச் சேர்த்தார். நாட்குறிப்போடு ரேஷன் கூப்பன், சுவரொட்டி, தெருவில் பாடிய பாட்டு, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை எல்லாவற்றையும் சேகரித்தார்கள். டிரெப்ளிங்காவில் 18 நாள் இருந்து தப்பி வந்த ஆப்ரகாம் க்ஷெபிட்ஸ்கியின் வாக்குமூலத்தை ராஹெல் அவர்பாக் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். 1942 ஆகஸ்டில் பத்துத் தகரப் பெட்டிகளையும், 1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்களையும் நோவோலிப்கி தெருவில் ஒரு பள்ளிக் கட்டடத்தின் அடியில் புதைத்தார்கள். பெட்டிகள் 1946-லும் கேன்கள் 1950-லும் கிடைத்தன. பெட்டிகளுக்குள் தண்ணீர் இறங்கி எழுத்து கரைந்துபோன தாள்கள் உண்டு. கேன்களில் இருந்தவை நன்றாகவே இருந்தன. மொத்தம் சுமார் 35,000 பக்கம். குழுவில் உயிர் பிழைத்தவர்கள் மூவர்.

படிக்கும்போது ஒவ்வொரு தாளிலும் முதலில் தேதியைப் பாருங்கள். 1942 ஜூலைக்கு முன் எழுதியவர் ரொட்டி விலையையும் டைபஸ் காய்ச்சலையும் பற்றியே கவலைப்படுவார். ரயில் எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியாது. அவரிடம் போய் ஏன் ஓடவில்லை என்று கேட்காதீர்கள்.