மக்காச்சோளக் காட்டுக்கு வரும் அரசாங்கப் பணம்

தம்பி, அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ப்ளூமிங்டனுக்குக் குடிவந்த கையோடு நல்ல கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் பயிர் செய்பவரின் பெயர் மானியப் பட்டியலில் ஐந்து இலக்கத் தொகையோடு இருக்கிறது, வீடு அளவு டிராக்டர் வைத்திருப்பவருக்கு எதற்கு அரசுப் பணம், நாமும் பத்து ஏக்கர் வாங்கிப் போட்டால் நமக்கும் வருமா என்கிறீர்கள்.

முதலில், நம்மூர் நெல் கொள்முதல் நிலையத்தை மனதில் வைத்துப் பார்க்காதீர்கள். இங்கே அரசு தானியத்தை வாங்குவதில்லை. விவசாயி எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்கில் சந்தை விலைக்கு விற்றுவிடுவார். அந்த ஆண்டின் சராசரி விலை சட்டத்தில் குறித்த விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும். இதற்கு பிஎல்சி என்று பெயர். விலையோடு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) விளைச்சலையும் சேர்த்து வருமானமாகக் கணக்கிட்டு, அது குறைந்தால் பணம் தரும் இன்னொன்று ஏஆர்சி. இரண்டும் 2014 பண்ணைச் சட்டத்தில் வந்தவை.

விசித்திரம் என்னவென்றால், இந்த வருடம் என்ன விதைத்தார் என்பதைப் பார்த்துப் பணம் வருவதில்லை. அந்த நிலத்தில் முன்பு என்ன பயிர் இருந்தது என்ற பழைய பதிவுதான் கணக்கு. அதைத்தான் ‘பேஸ் ஏக்கர்’ என்பார்கள். மக்காச்சோள பேஸ் உள்ள நிலத்தில் சோயா போட்டாலும் மக்காச்சோளக் கணக்கில்தான் பணம் வரும். தக்காளி, பூசணிக்கு இந்தத் திட்டமே கிடையாது.

ஒரு கணக்குப் போடலாம். 2019 மக்காச்சோளத்துக்குக் குறித்த விலை புஷலுக்கு (இங்கே தானியத்தை அளக்கும் அளவு) 3.70 டாலர், சராசரியாகக் கிடைத்தது 3.56. வித்தியாசம் 14 சென்ட். 100 பேஸ் ஏக்கரில் 85க்குத்தான் பணம். பதிவிலுள்ள விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல் என்று வைத்தால் 1,785 டாலர் வரும். அதுவும் 2020 அக்டோபருக்குப் பிறகுதான். விலை ஏறிக் கிடந்த 2021, 2022இல் மக்காச்சோளத்துக்கு பிஎல்சி ஒரு சென்ட்கூட வரவில்லை. இப்போது 2025 சட்டம் குறித்த விலையை 4.10 ஆக உயர்த்தியிருக்கிறது.

அப்படியானால் பட்டியலில் பெரிய தொகை எப்படி? ஒன்று, ஏக்கர் கூடக் கூடப் பணமும் கூடும். ஆயிரக்கணக்கில் ஏக்கர் பயிர் செய்பவருக்குச் சிறு தொகையும் பெரிதாகிவிடும். பெரிய பண்ணைக்கே பெரும்பங்கு போகிறது என்ற விமர்சனம் நியாயமானதுதான். ஆளுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு இருந்தும், குடும்பத்தில் பலரைப் பங்காளியாகச் சேர்த்து அதைத் தாண்டிவிடுகிறார்கள். இரண்டு, எந்த ஆண்டு என்று பாருங்கள். சீனா சோயாவுக்கு வரி போட்டதும் 2018, 2019 பயிர்களுக்குச் சுமார் 2,300 கோடி டாலர் தனி நிவாரணம் போனது. அந்த ஒரு காலத்துத் தொகையை வைத்து ஒருவரை எடைபோட வேண்டாம். அவரிடம் போய்க் கேட்கவும் வேண்டாம். எத்தனை ஏக்கர் என்று கேட்பதே இங்கே சம்பளத்தைக் கேட்பது போல.

சரி, உங்கள் பத்து ஏக்கர். மொத்த பேஸ் 10 ஏக்கரோ அதற்குக் குறைவோ என்றால், சில விலக்குகள் தவிர, இந்தப் பணம் கிடையாது. இந்தக் கவுண்டியில் நல்ல நிலம் ஏக்கர் 10,000 டாலருக்கு மேல். எச்1பி வேலை விசாவில் இருந்துகொண்டு விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் அமெரிக்க வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விட்டால் அபராதம் நிலத்தின் மதிப்பில் கால் பங்கு வரை போகலாம். அந்த விசாவில் மானியம் பெறவும் நிலம், முதலோடு உங்கள் சொந்த உழைப்பும் கணிசமாக வயலில் இருக்க வேண்டும். கம்பெனி வேலையோடு அது நடக்கிற காரியமா? கிரீன் கார்டு வந்தபின் வாங்கி, ரொக்கக் குத்தகைக்கு விட்டாலும் மானியம் பயிர் செய்கிறவருக்குத்தான். நிலத்துக்காரருக்குக் குத்தகை மட்டும்.